2010-ல் நீங்கள் சுவாசித்த காற்று எப்படி இருந்தது? பழைய கணக்கைத் தோண்டியெடுக்கும் மெஷின் லேர்னிங்!

2010-ம் ஆண்டு. சென்னையின் பல தெருக்களில் களப்பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெரியவர்களை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எடை, உயரம், இடுப்பளவு குறித்துக்கொண்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். "புகைப்பழக்கம் உண்டா, நடைப்பயிற்சி செய்வீர்களா, அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்ததா?" என்று கேள்விகள் நீண்டன. டெல்லியிலும் பாகிஸ்தானின் கராச்சியிலும் இதே வேலை நடந்தது. தெற்காசிய மக்களுக்கு இதய நோயும் சர்க்கரை நோயும் ஏன் இவ்வளவு அதிகமாக வருகின்றன என்று கண்டுபிடிப்பதற்கான 'கார்ஸ்' என்ற நீண்டகால ஆய்வு அது. சென்னைப் பகுதியை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் கவனித்துக்கொண்டது. ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். ஆரம்பத்தில் நன்றாக இருந்த சிலருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வந்தது. பலருக்கு வரவில்லை.

வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் என்ன வித்தியாசம்? உணவு, உடல் எடை, பரம்பரை என்று வழக்கமான காரணங்கள் இருக்கவே இருக்கின்றன. ஆய்வாளர்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அது காற்று. மாசடைந்த காற்று நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தச் சர்க்கரையிலும் கைவைக்கிறது என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆய்வுகள் சொல்ல ஆரம்பித்திருந்தன. நம் ஊரில் அதைச் சோதித்துப் பார்க்க எல்லாம் தயார். ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தன. ஒவ்வொருவரின் வீடு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஒன்றே ஒன்றுதான் இல்லை. அந்த வீட்டு வாசலில், அந்த ஆண்டில், காற்று எப்படி இருந்தது என்ற பதிவு!

ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்கலாம். காற்றை வைக்க முடியாதே.

அளக்காமல் விட்ட ஆண்டுகள்

காற்று மாசில் இன்று எல்லோரும் பேசுவது 'பி.எம் 2.5' என்ற நுண்துகள். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான பருமன் கொண்டது. தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. வாகனப் புகை, நிலக்கரி, குப்பை எரிப்பு, விறகடுப்பு, செங்கல் சூளை எல்லாம் சேர்ந்து கொட்டுவது. மூக்கின் முடியும் தொண்டையின் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இது அவற்றுக்குத் தப்பி நுரையீரலின் ஆழம் வரை போகிறது. இதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன.

இந்தியாவில் தேசிய அளவில் காற்றைக் கண்காணிக்கும் திட்டம் 1984-லேயே தொடங்கிவிட்டது. ஆனால், அப்போது அளந்தது வேறு. காற்றில் மிதக்கும் மொத்தத் தூசி, கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்று போனது பட்டியல். பி.எம் 2.5-க்கு தேசியத் தர அளவு வகுக்கப்பட்டதே 2009 நவம்பரில்தான். ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. (உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 5 மட்டுமே!)

விதி வந்தவுடன் கருவி வந்துவிடுமா? ஆட்கள் போய் வடிதாள் மாற்றி, எடை போட்டுக் கணக்கிடும் நிலையங்கள்தாம் நாட்டில் அதிகம். அவையும் வாரத்துக்கு 2 நாள், ஆண்டுக்கு 104 நாள் அளந்தால் போதும் என்ற கணக்கில் இயங்குபவை. 24 மணி நேரமும் தானாக அளந்து அனுப்பும் நிலையங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். இன்று மொபைலில் பார்க்கிற ஏ.க்யூ.ஐ என்ற காற்றுத் தரக் குறியீடே 2015 ஏப்ரலில்தான் அறிமுகமானது. சென்னையில் ஆலந்தூர் பேருந்துப் பணிமனை, மணலி, வேளச்சேரி என்று விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் ஆரம்பத்தில் தானியங்கிக் கருவிகள் இருந்தன. வட சென்னையில் அனல்மின் நிலையத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் பக்கத்தில் குடியிருப்பவருக்கும், பெசன்ட் நகரில் கடற்காற்று வாங்குபவருக்கும் அந்த ஓரிரு எண்களையே பொதுவாக வைக்க முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானை, ஒரே தீ என்றால் சரி. நகரம் அப்படி வேகாது.

அளந்தே தீருவது என்று இறங்கியவர்களும் உண்டு. போரூர் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்கள் வீட்டுக்கே கருவியைக் கொண்டுபோய் நுண்துகளை அளந்தது. பி.எம் 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதாக 2018-ல் அந்தக் குழு அறிவித்தது. அபாரமான உழைப்பு. ஆனால், அதைப் பல ஆயிரம் பேருக்குச் செய்ய முடியாது. கடந்துபோன ஆண்டுகளுக்குச் செய்யவே முடியாது.

பறவையின் சிறகில் படிந்த கரி

ஆனாலும், காற்று எதிலும் தடயம் விடாமல் போவதில்லை. இதற்கு ஓர் அழகான உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. ஷேன் டுபே, கார்ல் ஃபுல்ட்னர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள், அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் பாடம் செய்து வைத்திருந்த 1,300-க்கும் மேற்பட்ட பறவைகளைப் படம் எடுத்தார்கள். 135 ஆண்டுகளில் வெவ்வேறு காலத்தில் பிடிபட்டவை அவை. சிறகில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று வெளிச்சத்தை வைத்து அளந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் என்பதால், ஒவ்வொரு பறவையும் அந்த ஓர் ஆண்டின் காற்றைச் சுமந்திருந்தது. 1900-களின் தொடக்கத்தில் பிடிபட்ட பறவைகள் கரிக்கட்டை மாதிரி இருந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலைகள் முடங்கிய காலத்துப் பறவைகள் கொஞ்சம் வெளுத்திருந்தன. 2017-ல் வெளியான இந்த ஆய்வு, அமெரிக்கத் தொழில் நகரங்களின் புகை வரலாற்றையே திருத்தி எழுதியது.

சென்னைக்கு அப்படிப்பட்ட பறவைகள் கிடையாது. அதற்குப் பதில் வானத்தில் இரண்டு கண்கள் இருந்தன. நாசா 1999-ல் ஏவிய 'டெர்ரா', 2002-ல் ஏவிய 'அக்வா' செயற்கைக்கோள்கள். ஒன்று காலை பத்தரை மணிவாக்கில் தலைக்கு மேலே கடக்கும். இன்னொன்று மதியம் ஒன்றரை மணிவாக்கில். பூமியிலிருந்து திரும்பி வரும் சூரிய ஒளியைப் பார்த்து, நடுவில் இருக்கும் காற்று எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று இவற்றால் சொல்ல முடியும். 1 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர் கட்டங்களாக அந்த மங்கலைப் பிரித்துத் தரும் கணக்கீட்டு முறையும் பின்னாளில் வந்தது. யாரும் சென்னையின் நுண்துகளை அளக்காத நாள்களிலும் இவை படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தன.

அப்படியானால் வேலை முடிந்ததே என்று தோன்றலாம். இல்லை. செயற்கைக்கோள் பார்ப்பது தரையிலிருந்து வானம் வரைக்குமான மொத்த மங்கலை. மூக்கு சுவாசிப்பது தரையை ஒட்டிய காற்றை. எங்கோ எரிந்த காட்டின் புகை 3 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்து போனால், மேலிருந்து பார்க்க ஊரே மூட்டமாகத் தெரியும். கீழே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. குளிர்கால விடியலில் நேர்மாறு. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றுக்கு மேலே நிற்கும் வெப்பமான காற்று, பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் புகையைத் தரையோடு அமுக்கிவைத்திருக்கும். மேலிருந்து பார்க்க மங்கல் குறைவு, கீழே மூச்சு முட்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இன்னொரு சிக்கல். ஈரக்காற்றில் துகள்கள் தண்ணீர் குடித்து உப்பிவிடும். துகள் அதேதான், மங்கல் மட்டும் கூடிவிடும்.

ஆக, மங்கலிலிருந்து மாசுக்குப் போக நேர் வழி இல்லை. அன்றைய வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, மழை, கலக்கும் காற்றுப் படலத்தின் உயரம், பக்கத்தில் நெடுஞ்சாலை இருக்கிறதா, மக்கள் நெருக்கம் எவ்வளவு, இரவில் எவ்வளவு விளக்கு எரிகிறது, மரம் இருக்கிறதா, மலை இருக்கிறதா என்று டஜன்கணக்கில் விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றில் எது எந்த நாளில் எவ்வளவு முக்கியம் என்று மனிதர் உட்கார்ந்து சூத்திரம் எழுத முடியாது. மெஷின் லேர்னிங் உள்ளே வருவது இங்கேதான்.

விடைத்தாளை ஒளித்துவைத்து ஒரு தேர்வு

கம்ப்யூட்டருக்குச் சூத்திரம் எதுவும் சொல்லித்தருவதில்லை. உதாரணங்களைக் கொட்டுகிறார்கள். 'இந்த நாள், இந்த இடம். மங்கல் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு, காற்று இந்தத் திசை. தரையில் இருந்த கருவி காட்டிய பி.எம் 2.5 இவ்வளவு.' இப்படி லட்சக்கணக்கில். விடை தெரிந்த கேள்விகளைப் போட்டுப் போட்டுப் பழக்குகிற டியூஷன் சென்டர் மாதிரிதான்.

பழகும் முறைகளில் ஒன்றுக்கு 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்று பெயர். முதலில் ஒரு கிளைக் கேள்வி: காற்று கடலிலிருந்து வருகிறதா, நிலத்திலிருந்தா? நிலத்திலிருந்து என்றால் அடுத்தது: ஈரப்பதம் அதிகமா? குறைவு என்றால்: மங்கல் எவ்வளவு? இப்படிக் கிளை பிரிந்து பிரிந்து கடைசியில் ஓர் எண்ணில் போய் நிற்கும். அது ஒரு மரம். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுவிதமாகக் கேட்கும் நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து, எல்லாம் சொல்வதன் சராசரியை எடுத்தால் அது காடு. ஒரு மரம் தப்பு செய்தாலும் காடு பெரும்பாலும் சமாளித்துவிடும். இதுபோல் வேறு வேறு முறைகளில் பழகிய பல மாடல்களை வைத்து, எந்த ஊரில் எது நன்றாகச் சொல்கிறதோ அங்கே அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கலப்பதும் உண்டு.

பழக்கிய பிறகு, கருவியே இல்லாத இடத்தையும், கருவி வராத நாளையும் கேட்கலாம். 2010 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரம்பூரின் ஒரு கட்டத்தில் எவ்வளவு? மங்கல் தெரியும். வானிலை தெரியும். சாலை தெரியும். பதில் வரும்.

நம்பலாமா? மாடல்களிலும் மனப்பாடப் பேர்வழிகள் உண்டு. பார்த்த கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கும். எண்ணை மாற்றிக் கேட்டால் முழிக்கும். அதைப் பிடிக்க எளிய வழி, சில நிலையங்களின் தரவை முழுசாக ஒளித்துவைத்துவிடுவது. மாடலுக்கு அவற்றைக் காட்டவே கூடாது. பழகி முடித்ததும் 'அந்த இடத்தில் எவ்வளவு இருந்தது?' என்று கேட்டு, ஒளித்துவைத்த விடையோடு ஒப்பிட வேண்டும். 'முழுசாக' என்பதுதான் இங்கே முக்கியம். ஒரே நிலையத்தின் திங்கள், புதன் விவரங்களைக் காட்டிவிட்டு செவ்வாயை மட்டும் மறைத்தால், பக்கத்து பெஞ்சுப் பையனின் பேப்பரைப் பார்த்து எழுதுவதுபோல் ஆகிவிடும். சில ஆய்வுகள் அதைச் செய்துவிட்டு, பிரமாத மார்க் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வதும் நடக்கத்தான் செய்கிறது.

முதலில் நகர அளவில் இப்படி மாடல்கள் உருவாகின. அதன்பின் டெல்லியின் நாள்பட்ட நோய்க் கட்டுப்பாட்டு மையம், அசோகா பல்கலைக்கழகம், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம், அமெரிக்காவின் ஹார்வர்டு உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து இந்தியா முழுவதற்கும் ஒன்றை உருவாக்கினார்கள். சித்தார்த்த மண்டல் முதல் ஆசிரியராக 2024-ல் வெளியான அந்த ஆய்வு, 2008 முதல் 2020 வரை 13 ஆண்டுகளுக்கு, நாட்டின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும், ஒவ்வொரு நாளுக்கும் பி.எம் 2.5 அளவைக் கணக்கிட்டுத் தந்தது. நிலையங்களை மறைத்துவைத்து நடத்திய தேர்வில், நாள் அளவிலான ஏற்ற இறக்கத்தில் 86 சதவிகிதத்தை மாடல் பிடித்தது. ஆண்டுச் சராசரியில் 94 சதவிகிதம்.

சர்க்கரையும் காற்றும்

இனி, கதவு கதவாகத் தட்டிச் சேர்த்த அந்த ரத்தப் பரிசோதனைகளுக்கு வருவோம்.

டெல்லி, சென்னை நகரங்களைச் சேர்ந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, அவரவர் இருப்பிடத்துக்கு மாடல் கணித்த காற்றின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வுக் காலத்தில் டெல்லியின் ஆண்டுச் சராசரி சுமார் 82 முதல் 100. சென்னையில் சுமார் 30 முதல் 40. 2023-ல் முடிவு வெளியானது. பி.எம் 2.5-ன் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தால், புதிதாக டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து 22 சதவிகிதம் அதிகம். ஒரு மாதக் காற்று கெட்டாலே வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று ஏறியது. அது 0.4 மில்லிகிராம் என்கிற சிறு ஏற்றம்தான். தனி மனிதருக்கு அது பெரிய விஷயமில்லை. கோடிக்கணக்கானவர்களுக்குச் சேர்ந்து ஏறும்போது, விளிம்பில் நிற்கும் எத்தனையோ பேரை அது கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

"எங்க வீட்டில் யாருக்கும் சுகர் கிடையாது, நான் ஸ்வீட்டே தொடுவதில்லை, எனக்கு எப்படி வந்தது?" என்று டாக்டரிடம் கேட்பவர்கள் ஏராளம். காற்றுதான் காரணம் என்று இந்த ஆய்வை வைத்து அவர்களுக்குச் சொல்லிவிட முடியாது. காற்றும் கணக்கில் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். நடைப்பயிற்சி, சாப்பாடு, மாத்திரை மூன்றும் இதனால் முக்கியத்துவம் இழந்துவிடவும் இல்லை.

அடுத்து வந்தது இன்னும் கனமானது. இதே மாதிரிக் கணக்கீட்டை வைத்து, சென்னை உட்பட 10 நகரங்களில் 2008 முதல் 2019 வரை பதிவான சுமார் 36 லட்சம் மரணங்களை ஆராய்ந்தது ஒரு குழு. நாள்தோறும் நிகழ்ந்த மரணங்களில் 7.2 சதவிகிதத்துக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் நாள் அளவான 15 மைக்ரோகிராமை மீறிய நுண்துகளே காரணம் என்று 2024-ல் அது சொன்னது. 10 நகரங்களிலும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 33,000 பேர். டெல்லியில் மட்டும் சுமார் 12,000. சென்னையில் ஏறக்குறைய 2,900.

சென்னைவாசிகள் வழக்கமாக ஒரு பெருமை பேசுவார்கள், "நமக்கென்ன, கடற்காற்று இருக்கு, டெல்லி மாதிரியா?" என்று. சென்னைக் காற்று டெல்லிக் காற்றைவிட எவ்வளவோ மேல் என்பது உண்மை. ஆனால், அந்த ஆய்வில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது வேறொரு விஷயம். மாசு 10 மைக்ரோகிராம் கூடும்போது டெல்லியில் மரணம் 0.31 சதவிகிதம் கூடியது. 'சுத்தமான' பெங்களூரில் 3.06 சதவிகிதம்! ஏற்கெனவே மோசமான காற்றில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கூடுதல் பாதிப்பு சிறிதாகத் தெரிகிறது. ஓரளவு நல்ல காற்று கெடும்போது அடி பலமாக விழுகிறது. அரசின் தர அளவுக்குள்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பதில் பொருளில்லை என்று அர்த்தம். பழைய காற்றைக் கணக்கிடும் வசதி இல்லாமல் இருந்திருந்தால் இந்த வித்தியாசம் வெளிச்சத்துக்கே வந்திருக்காது.

நாடு முழுவதும் 655 மாவட்டங்களை எடுத்துக்கொண்ட இன்னோர் ஆய்வும் அதே ஆண்டு வந்தது. சுகந்தி ஜெகநாதன் முதல் ஆசிரியர். 2009 முதல் 2019 வரையிலான காலத்தில் மிகக் குறைந்த மாவட்ட ஆண்டுச் சராசரி, அருணாசலப் பிரதேசத்தின் லோயர் சுபன்சிரியில் 2019-ல் 11.2. மிக அதிகம், 2016-ல் காசியாபாத்திலும் டெல்லியிலும் 119. அதாவது, நாட்டிலேயே சிறந்த காற்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 5 என்ற அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

எங்கே நம்பலாம், எங்கே கூடாது?

"எல்லாம் கம்ப்யூட்டர் போட்ட மதிப்பீடுதானே?" என்ற குரலும் கேட்கிறது. காற்று மாசால் மட்டுமே மரணம் நேர்ந்தது என்று நேரடித் தொடர்பை நிறுவும் உறுதியான தரவு இல்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள், பக்கவாதம் என்று எழுதுவார்கள். பி.எம் 2.5 என்று யாரும் எழுதுவதில்லை. சான்றிதழில் வராததைக் கூட்டத்தின் கணக்கில் தேடுவதுதான் இந்த ஆய்வுகளின் வேலை. மதிப்பீடு என்பதாலேயே இவற்றைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. எவ்வளவு தப்பலாம் என்பதையும் எண்ணாகச் சொல்லிவிட்டுத்தான் இவை பேசுகின்றன.

அந்தத் தப்பு எவ்வளவு என்பதைப் பார்த்தாக வேண்டும். தேசிய மாடலின் நாள் கணிப்பில் சராசரிப் பிழை, ஆண்டைப் பொறுத்து 14.4 முதல் 25.4 மைக்ரோகிராம் வரை. நாடு தழுவிய சராசரி இது. இருந்தாலும், ஆண்டுச் சராசரியே 30, 40 என்று இருக்கும் ஊரில் ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்லும்போது இந்த அளவு பிழை சின்ன விஷயமில்லை. ஆண்டுச் சராசரி எடுக்கும்போது இன்று கூடியதும் நாளை குறைந்ததும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால் கணிப்பு நன்றாகத் தேறுகிறது. ஆகவே, ஆயிரக்கணக்கானவர்கள், ஆண்டுக்கணக்கான காற்று என்றால் இந்த மாடலைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். '2012 மார்ச் 6 அன்று என் வீட்டில் எவ்வளவு?' என்றால் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

தனி ஒருவரின் கதைக்குக் கருவியே வேண்டும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு வழக்கு சாட்சி. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமிக்குக் கடுமையான ஆஸ்துமா. மூன்று ஆண்டுகளில் கிட்டத்தட்ட 30 முறை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரியில், 9 வயதில் இறந்துபோனாள். வீடு, வாகனங்கள் ஓயாத தென்கிழக்கு லண்டன் பிரதான சாலைக்குப் பக்கத்தில். தாய் ரோசமண்ட் விடாமல் போராடினார். வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில் இருந்த கண்காணிப்பு நிலையத்தின் பழைய பதிவுகள் கைகொடுத்தன. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். பிரிட்டனில் அப்படியொரு தீர்ப்பு அதுதான் முதல்முறை. பக்கத்தில் அந்தக் கருவி இல்லாமலிருந்தால் அந்தத் தாய் எதைக் காட்டியிருப்பார்?

மாடல் தடுமாறும் இடங்கள் இன்னும் உண்டு. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னைக்கு மேலே பல நாள்கள் வெறும் வெள்ளைதான். அந்த ஓட்டையை அடைக்க, வேறு வானிலைக் கணக்குகளை வைத்து இன்னொரு சுற்று மெஷின் லேர்னிங் தேவை. போகிப் பண்டிகை இன்னொரு வேடிக்கை. 2018 போகியன்று விமானப் போக்குவரத்தே தடுமாறும் அளவுக்குச் சென்னையைப் புகை சூழ்ந்தது. ஆனால், டயரும் பாயும் எரிவது விடியற்காலை ஐந்து மணிக்கு. செயற்கைக்கோள் வருவது பத்தரைக்கு. அதற்குள் கடற்காற்று பாதியைத் துடைத்திருக்கும். மிச்சம் இருக்கும் அடர்ந்த புகையை மேகம் என்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு. சட்டென்று வந்து சட்டென்று போகும் இப்படிப்பட்ட நாள்களைத் தரைக் கருவிதான் பிடிக்கும்.

கிராமம் இன்னும் பெரிய இடைவெளி. கருவிகள் நகரங்களில் குவிந்திருக்கின்றன. நகரத்தில் பழகிய மாடல் கிராமத்தைப் பற்றிச் சொல்வதைச் சரிபார்க்க, ஒளித்துவைக்கக்கூட அங்கே போதிய நிலையங்கள் கிடையாது. கங்கைச் சமவெளியில் கிராமக் காற்றும் நகரக் காற்றைப் போலவே கெட்டிருக்கிறது என்று செயற்கைக்கோள் ஆய்வுகள் காட்டிவிட்டன. 2019-ல் தொடங்கிய தேசிய சுத்தமான காற்றுத் திட்டமோ நகரங்களுக்கானது. அதுபோக, மாடல் சொல்வது வெளிக்காற்றை மட்டுமே. விறகடுப்பின் முன்னால் குனிந்து ஊதிக்கொண்டிருக்கும் பெண்ணின் மூக்குக்குப் போவது அந்தச் சதுர கிலோமீட்டரின் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம்.

காலத்தில் பின்னால் போகப் போகவும் பிடி தளரும். 2015-க்குப் பிந்தைய தரவு ஏராளம், 2008-ன் தரவு சொற்பம். பின்னாளில் பழகியதை முன்னாளுக்குப் பொருத்தும்போது, மங்கலுக்கும் மாசுக்கும் இடையிலான உறவு மாறவே இல்லை என்று ஓரளவு நம்பித்தான் ஆக வேண்டும். இடையில் சமையல் எரிவாயு கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போயிற்று. 2020-ல் வாகன எரிபொருளின் தரம் மாறியது. புகையின் சேர்மானமே மாறியிருக்கலாம். சீனாவிலும் இதே பாடுதான். அங்கே பி.எம் 2.5-ஐ நாடு முழுக்க அளந்து வெளியிடத் தொடங்கியது 2013-ல். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு, விமான நிலையங்களும் வானிலை நிலையங்களும் பல பத்தாண்டுகளாகக் குறித்துவைத்த 'எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது' என்ற பதிவுகளைக்கூட மெஷின் லேர்னிங்குக்குத் தீனியாகப் போட்டிருக்கிறார்கள் அந்நாட்டு ஆய்வாளர்கள். விமானம் பத்திரமாக இறங்க யாரோ எழுதிவைத்தது, நுரையீரல் கணக்குக்கு உதவியிருக்கிறது.

இப்போது இன்னொரு கவலை. 6 ஆண்டு உழைத்தால் போதும் என்று வடிவமைக்கப்பட்ட டெர்ராவும் அக்வாவும் 20 ஆண்டுகளைக் கடந்து, எரிபொருள் குறைந்து, பழைய பாதையிலிருந்து நகர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்தில் புதிய செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. தென் கொரியா 2020-ல் ஏவிய ஒரு கருவி, ஆசியாவின் காற்றைப் பகலில் மணிக்கொரு தடவை பார்க்கிறது. ஆனால், சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களின் அமெரிக்கத் தூதரகங்களில் இருந்த கருவிகளின் தரவு வெளியீடு 2025 மார்ச்சில் நின்றுபோனது. பல ஆய்வுகள் சரிபார்க்கப் பயன்படுத்திய பதிவு அது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் இன்றைய ஏ.க்யூ.ஐ-யைப் பார்க்கலாம். உங்கள் ஊரில் நிலையம் இருந்தால் எண் வரும். இல்லாவிட்டால் பக்கத்து ஊரின் எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டியதுதான். நிலையம் இல்லாத அந்த ஊர்களின் இன்றைய காற்றையும், 2040-ல் யாராவது இதே போலத்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.